கெண்டைக்கால் படம்

சம்பத்தின் தோளைப் பிடித்துக்கொண்டு வரலட்சுமி ஸ்கேன் சென்டர் படிகளில் ஒவ்வொன்றாக இறங்கிக்கொண்டிருந்தாள். எதிரே, அம்பத்தூர் பஸ் நிறுத்தத்தில் நாகம்மா நின்றிருந்தாள். ஆவடி குவார்ட்டர்ஸில் அவர்களுடைய கீழ்வீட்டுக்காரி. அவள் முதலில் சென்டர் போர்டில் சிரித்துக்கொண்டிருந்த கொழுகொழு குழந்தையைப் பார்த்தாள். பிறகு வரலட்சுமியைப் பார்த்தாள். பிறகு அவளும் சிரித்தாள்.

சம்பத்துக்கு அந்தச் சிரிப்பின் அர்த்தம் புரிந்தது. மகள் ப்ளஸ் டூ படிக்கிறாள். அந்தத் தொண்ணூற்று மூன்றாம் வருஷத்தில் ஸ்கேன் என்றால் பிள்ளைப்பேறு. வேறு காரியத்துக்கும் ஸ்கேன் எடுப்பார்கள் என்று சொன்னால் குவார்ட்டர்ஸில் ஒருவரும் நம்பமாட்டார்கள்.

ரோட்டைத் தாண்டி வந்த நாகம்மா, "இன்னா விசேஷம்?" என்றாள்.

"எனக்குத்தாங்க ஸ்கேன். கெண்டைக்கால் சதை கிழிஞ்சிருக்கு" என்ற சம்பத், சொன்ன கையோடு மனைவியின் தோளைத் தான் பிடித்துக்கொண்டு நொண்ட ஆரம்பித்தான். இருவரும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து நடந்தார்கள். யார் யாரைத் தாங்குகிறார்கள் என்று நாகம்மாவுக்குத் தெரிந்திருக்காது என்று அவன் நம்பினான்.

பஸ்ஸில் உட்கார்ந்ததும் வரலட்சுமி, "என் காலைக் கேக்காமலே எடுத்துக்கிட்டீங்க" என்றாள்.

கிழிந்தது அவளுடைய கால்தான். குவார்ட்டர்ஸ் குழாயில் தண்ணீர் மாடிக்கு ஏறாது. பதினோரு வருஷமாக இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாக இரண்டு குடங்களோடு மூன்று மாடி ஏறுகிறவள் அவள். முந்தாநாள் இரண்டாம் மாடித் திருப்பத்தில் காலுக்குள் 'படக்' என்று சத்தம் கேட்டது. குடத்தைக் கீழே போடாமல் மெல்ல இறக்கி வைத்துவிட்டுத்தான் உட்கார்ந்தாள்.

ஸ்கேன் டாக்டர் ரகுநாதன் இளைஞர். இரண்டு வருஷமாகக் குழந்தைகளையே பார்த்துப் பார்த்து அலுத்திருந்தவருக்கு ஒரு கெண்டைக்கால் கிடைத்ததில் பரம சந்தோஷம். திரையில் வாழைநாரை அடுக்கி வைத்த மாதிரி வெள்ளைக் கோடுகள். நடுவே கறுப்பாக ஒரு இடைவெளி. இருபத்தெட்டு மில்லிமீட்டர் கிழிசல் என்றார். மூன்று வாரத்துக்கு ஒருமுறை வந்தால் கிழிந்த சதை ஒட்டிக் கூடுவதைப் படம் பிடித்து டாக்டர்கள் கூட்டத்தில் காட்டுவேன், பணமே வேண்டாம் என்றார். "இப்படி ஒரு உறுதியான சதையை நான் பாத்ததே இல்லை" என்று இரண்டு தடவை சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் சம்பத் செய்த முதல் வேலை, ஃபிலிமில் மனைவி பெயர் இருந்த ஓரத்தைக் கத்தரித்தது. சாயங்காலமே நாகம்மாவின் புருஷன் கஜபதி வந்துவிட்டான். டாங்கி தொழிற்சாலையில் ஃபிட்டர். ஃபிலிமை வாங்கி டியூப்லைட்டுக்கு நேரே பிடித்தான்.

"மேல பேரு போடுற எடத்தையே காணோமே?"

மிஷினில் அந்த ஓரம் விழாது என்றான் சம்பத். அதோடு நிறுத்தியிருக்கலாம். நுணலும் தன் வாயால் கெடும். அதே தொழிற்சாலையின் ஸ்டோர்ஸில் குமாஸ்தாவாக இருக்கும் சம்பத்தின் உடம்பை இதுவரை யாரும் எதற்காகவும் பாராட்டியதில்லை. "இப்படி ஒரு சதையைப் பாத்ததே இல்லைன்னு டாக்டர் சொல்றாரு" என்று அவன் வாய் தானாகச் சொல்லிவிட்டது.

கஜபதி படத்தையும் சம்பத்தின் லுங்கியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு எழுந்து போனான்.

மறுநாள் மத்தியானமே திரும்பி வந்தான். குடியரசு தினத்துக்குக் குவார்ட்டர்ஸில் கயிறு இழுக்கும் போட்டி உண்டு. இவர்களுடைய டி பிளாக் மூன்று வருஷமாக சி பிளாக்கிடம் மண்ணைக் கவ்விக்கொண்டிருந்தது. இடுப்பில் கயிறு சுற்றிக்கொண்டு கடைசியில் நிற்கும் வேலுசாமியும் ஜபல்பூருக்கு மாற்றலாகிப் போய்விட்டான்.

"கடைசி ஆளு நீதான் மாமே. இன்னும் ஏழு வாரம் கீது. சதை கூடிக்கும்" என்றான் கஜபதி.

சம்பத் தலையை ஆட்டிவைத்தான். போன வருஷம் பெண்களும் கயிறு இழுக்கிறோம் என்று கேட்டபோது, அதெல்லாம் கௌரவமாக இருக்காது என்று வரலட்சுமியைத் தடுத்தவன் அவன்தான். இப்போது அவன் கௌரவம் அவள் காலில் இருந்தது.

அடுத்த பிரச்சினை தண்ணீர். வரலட்சுமி படி இறங்கக் கூடாது. ஆகவே, கால் கிழிந்ததாகச் சொன்னவனே குடத்தைத் தூக்கிக்கொண்டு நொண்டி நொண்டி மூன்று மாடி ஏறினான். ஐம்பத்து நான்கு படி. ஒரு குடத்துக்கே மூச்சு வாங்கியது. இரண்டாம் மாடித் திருப்பத்தில் உட்கார்ந்து, இவள் இதையா இரண்டு குடத்தோடு ஏறினாள் என்று யோசித்தான்.

கீழே நின்று பார்த்தவர்கள் வேறு மாதிரி யோசித்தார்கள். கிழிந்த காலோடு தண்ணீர் தூக்குகிறான் என்றால், நல்ல காலாக இருந்தால் லாரியையே இழுப்பான் என்று பேச்சு கிளம்பியது. லுங்கிக்குள் எட்டிப் பார்ப்பவர்களுக்குப் பயந்து சம்பத் ஒரு துண்டை மடித்துக் காலில் வைத்து, அதன்மேல் பாண்டேஜ் சுற்றினான். கெண்டைக்கால் பலாப்பழம் போல ஆயிற்று. செய்தி சி பிளாக்குக்குப் போனது. அவர்கள் பயந்துபோய், பளு தூக்கும் ஆட்கள் இரண்டு பேரைத் தங்கள் அணியில் சேர்த்துக்கொண்டார்கள்.

இனி ஒரே நம்பிக்கை அந்தக் கிழிசல்தான். அது ஒட்டிக்கொள்ளாத வரைக்கும் அவனுக்கு ஆபத்தில்லை. ஆனால் இரண்டாவது ஸ்கேனில் இருபத்தெட்டு, பன்னிரண்டாகக் குறைந்திருந்தது. ஓரம் கத்தரித்த ஃபிலிமைக் கஜபதி வாங்கிக்கொண்டு போய் பிளாக் முழுக்கக் காட்டினான். எல்லோரும் சம்பத்துக்குக் கை கொடுத்தார்கள். அவன் துக்க வீட்டில் கை கொடுப்பவன் போல வாங்கிக்கொண்டான்.

டாக்டர் சொன்ன பயிற்சியை வரலட்சுமி ஒரு நாள் விடாமல் செய்தாள். வாசற்படி ஓரத்தில் நின்று குதிகாலை உயர்த்தி இறக்குவாள். சம்பத் பக்கத்திலேயே உட்கார்ந்து கெஞ்சினான்.

"கொஞ்சம் மெதுவா குணமாகேன்."

"நான் சொன்னா சதை கேக்குமா?" என்று சொல்லிவிட்டு அவள் எண்ணிக்கையைத் தொடர்ந்தாள். முப்பத்தொன்று, முப்பத்திரண்டு.

மூன்றாவது ஸ்கேனுக்கு அவனும் உள்ளே போனான். இன்னும் இரண்டு மாசம் ஓய்வு வேண்டும் என்று எழுதித் தரும்படி டாக்டரின் காதைக் கடித்துப் பார்த்தான். படத்தில் இருப்பதைத்தான் எழுத முடியும் என்று அவர் மறுத்துவிட்டார். பிறகு வரலட்சுமியிடம் பாதத்தை நீட்டச் சொன்னார்.

திரையில் கோடுகள் அசைந்தன. கறுப்பு இடைவெளி போன இடமே தெரியவில்லை. எல்லாக் கோடுகளும் ஒன்றாகச் சேர்ந்து சுருங்கி, ஒன்றாக நீண்டன. சம்பத் வாயைத் திறந்தபடி பார்த்தான். பதினோரு வருஷம் தான் குடித்த தண்ணீர், குளித்த தண்ணீர் எல்லாம் இதன் மேல் ஏறித்தான் மாடிக்கு வந்தது என்று அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடப் பெருமை அதிகமாக இருந்தது. கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் அவளைப் பார்த்து இப்படிப் பெருமைப்பட்டதாக அவனுக்கு நினைவில்லை.

ஜனவரி இருபத்தாறு காலை, மைதானத்தில் இருநூறு குடும்பம் கூடியிருந்தது. கஜபதி கயிற்றின் நுனியைச் சம்பத்திடம் நீட்டினான். எதிரில் பளு தூக்கிகள் இரண்டு பேரும் தொடையைத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

சம்பத் குனிந்து பாண்டேஜை அவிழ்த்தான். மடித்த துண்டு கீழே விழுந்தது. உள்ளே இருந்தது முருங்கைக்காய் அளவு கால். மைதானமே சிரித்தது. சிரிப்பு அடங்கும்வரை அவன் நின்றான். பிறகு மூன்று ஃபிலிம்களையும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தான்.

"இதுல இருக்கறது என் கால் இல்லை. என் சம்சாரம் வரலட்சுமியோட கால். டி பிளாக்குக்குக் கடைசி ஆளு அவதான்" என்றான். சத்தமாகத்தான் சொன்னான்.

சி பிளாக் தலைவர் செங்கல்வராயன், பொம்பளை எப்படி நிற்கலாம் என்று குதித்தார். போட்டியை நடத்திய நலவாழ்வு அதிகாரி நோட்டீசை எடுத்துப் படித்தார். வீட்டுக்கு ஒருவர் என்றுதான் போட்டிருந்தது. ஆண் என்று ஒரு இடத்திலும் இல்லை.

வரலட்சுமி எழுந்து வந்தாள். முந்தானையை இழுத்துச் செருகினாள். கயிற்றை இடுப்பில் சுற்றி, குதிகாலை மண்ணில் அழுத்திச் சாய்ந்தாள். விசில் ஊதியதும் சி பிளாக் மொத்தமும் உறுமிக்கொண்டு இழுத்தது. அவள் ஓர் அங்குலம்கூட நகரவில்லை. அவள் நகராததால் முன்னால் இருந்த ஏழு பேருக்கும் தெம்பு வந்தது. முதல் ஆட்டம் டி பிளாக்குக்கு. இரண்டாவதில் பளு தூக்கிகளில் ஒருவன் முகம் குப்புற விழுந்தான். மூன்றாவது ஆட்டத்துக்கு அவசியமே இல்லாமல் போயிற்று.

சம்பத் சந்தோஷத்தில் கால் தரையில் படாமல் திரிந்தான். முன்பின் தெரியாதவர்களைக்கூட நிறுத்தி, ஃபிலிமை வெயிலுக்கு நேரே பிடித்து, எங்கே கிழிந்திருந்தது, எப்படிக் கூடியது என்று விளக்கினான். கேட்டவர்கள் எல்லோரும், "இது என் சம்சாரம் கால்" என்ற வாக்கியத்தை மூன்று தடவையாவது கேட்க வேண்டியிருந்தது.

கூட்டம் கலைந்த பிறகுதான் மனசு உறுத்தியது. பரிசுக் கோப்பையைத் துடைத்துக்கொண்டிருந்த கஜபதியிடமும் நாகம்மாவிடமும் போய் நின்றான்.

"ஏழு வாரமா உங்களை ஏமாத்திட்டேன். மன்னிச்சிடுங்க" என்றான்.

கஜபதி கோப்பையைவிட்டுத் தலையை நிமிர்த்தவில்லை. நாகம்மாதான் பதில் சொன்னாள்.

"நீ எங்க ஏமாத்துன அண்ணாத்தே? 'கடைசி ஆளா அவரு பேரப் போடுங்க, அப்பத்தான் என்னை நிக்க விடுவாரு'ன்னு ஸ்கேன் எடுத்த மறுநாள் காலையிலயே எங்களாண்ட சொன்னது வரலட்சுமிதான்."