மஞ்சள் பூசும் படிப்பாளி

வண்ணப்பேனாப் படிப்பாளி என்றொரு இனம் நம்மிடையே இருக்கிறது. தேடிப் பார்த்தால் உங்கள் வீட்டிலேயே ஒன்று அகப்படும். எங்கள் வீட்டில் அகப்பட்டவர் என் அண்ணன்.

மருந்துக் கடையில் வேலை. மருந்தாளுநர் தேர்வில் இரண்டு முறை கோட்டைவிட்டாயிற்று. இந்த முறையும் தவறினால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாக முதலாளி சொல்லிவிட்டார். அண்ணன் அசரவில்லை. மேசையைத் துடைத்து, மின்விசிறியைத் தன் பக்கம் திருப்பி, மஞ்சள் பேனாவின் மூடியைப் பல்லால் கடித்துத் திறந்து, முக்கியமான வரிக்குப் பூசி, அடுத்த வரி கோபித்துக்கொள்ளுமோ என்று அதற்கும் பூசி, பக்கம் முழுவதும் தகதகத்ததும் நிம்மதியாகச் சாய்ந்துகொள்வார். படிப்பு முடிந்தது! அம்மா தொலைக்காட்சிச் சத்தத்தைக் குறைப்பார். கல்லூரிப் படியேறிய முதல் தலைமுறை நாங்கள்; படிப்பது எப்படி இருக்கும் என்று பார்த்துப் பழகியவர் யார்? புத்தகத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தால் படிக்கிறார், அவ்வளவுதான்.

எனக்குச் சந்தேகம். புத்தகத்தைப் பிடுங்கி மூடினேன்.

“இந்த இருமல் மருந்த யாருக்குக் குடுக்கக் கூடாது? சொல்லுண்ணா.”

“தெரியும்டி. இடது பக்கம், மேல, மஞ்சள்ல இருக்கும்.”

“எதுதான் மஞ்சள்ல இல்ல?”

ஒரே ஒரு வரி மட்டும் கடகடவென்று வந்தது. பூசும்போது மை தீர்ந்துபோன வரி. விட்ட இடம் மறந்துவிடக் கூடாதே என்று, புதுப் பேனா வாங்கப் போன வழியெல்லாம் அதை முணுமுணுத்திருக்கிறார்! பூசாத வரிதான் ஒட்டியது.

அன்றே பேனாக்களை ஒளித்துவைத்தேன். இனி அண்ணன் புத்தகத்தை மூடிவிட்டு, வெங்காயம் உரிக்கும் அம்மாவிடம் ஒவ்வொரு மருந்தாகச் சொல்ல வேண்டும். வராததை மட்டும் திறந்து பார்க்கலாம். சில நாள் விட்டு மறுபடியும் சொல்ல வேண்டும். ஆராய்ச்சியாளர்களும் இதைத்தான் சொல்கிறார்கள். அம்மாவிடம் அது எடுபடுமா?

“எவ்ளோ அழகா படிச்சிட்டிருந்தான்! உன்னாலதான் இப்படித் திணறுறான்.”

திணறித் திணறியே அண்ணன் தேறிவிட்டார். வேலையும் நிலைத்தது. தேர்ச்சிக் கடிதத்தை வாங்கிப் பார்த்தேன். முதல் வரியிலிருந்து கையெழுத்துவரை மஞ்சள்.

சிரிக்கிறீர்களா? நல்லது. மேலே பார்க்காமல் சொல்லுங்கள்: பேனா மூடியைத் திறப்பதற்கு முன் அண்ணன் எதையெல்லாம் செய்தார்?

“தெரியும், இரண்டாவது பத்தியில் இருக்கும்” என்கிறீர்களா?

வாருங்கள், உட்காருங்கள். மேசை துடைத்துத்தான் இருக்கிறது.