முறிந்தது என்று யார் சொல்வது?

ஒரு கல்யாணம் முறிந்துவிட்டால் முறிந்தவர்களுக்கு அது உடனே தெரிந்துவிடும். ஆனால் கோர்ட்டுக்குத் தெரிய வேண்டாமா? அதற்காகவே மேன்மை பொருந்திய அரசு, முறிவு ஆய்வாளர் என்று ஒருவரை நியமித்திருந்தது.

தையல்காரம்மாவும் அவள் புருஷன் லிஃப்ட் மெக்கானிக்கும் மனுப் போட்டிருந்தார்கள். மெக்கானிக் ஒன்றும் கெட்டவனில்லை. இரண்டு பேருக்கும் ஏழாம் பொருத்தம், அவ்வளவுதான். வாயைத் திறந்தால் சண்டை. அவளுக்கு அலுத்துப் போயிற்று. கடைத்தெரு மாடியில் ஓர் அறை பார்த்து வைத்திருந்தாள். ஜன்னலோரம் மெஷினைப் போட்டுக்கொண்டு, யாருக்கும் பதில் சொல்லாமல் தைக்க வேண்டும். அந்த ஆசையில் அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

ஆய்வாளர் வந்த அன்று இருவரும் தங்கள் தகுதியை நிரூபிக்கும் பொருட்டு, ஒளிவு மறைவில்லாமல் சண்டை போட்டார்கள். அவர் நாற்காலியில் சாய்ந்து, கச்சேரி கேட்பவர் போலக் கேட்டார்.

"ஈரத் துண்டை மெத்தையில போடாதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது?" என்றாள் அவள்.

"நீ மட்டும்? ராத்திரி பூரா லொக்கு லொக்குன்னு இருமுற. டாக்டர்கிட்ட போன்னா போறியா?" என்றான் அவன்.

ஆய்வாளர் உதட்டைப் பிதுக்கினார். "தேறாதும்மா. அவர் துண்டு எங்க கிடக்குன்னு உங்களுக்குத் தெரியுது. உங்க இருமல் அவர் காதுல விழுது. சட்டப்படி இதுக்குப் பேரு பரஸ்பர அக்கறை."

"பின்ன எப்படித்தாங்க இருக்கணும்?"

"பேச்சுமூச்சே கூடாது. ஆளுக்கொரு மூலை, ஆளுக்கொரு போன். ஒருத்தருக்குக் காய்ச்சல்னா இன்னொருத்தருக்கு ஊரார் சொல்லித்தான் தெரியணும். எங்க வீட்டுக்கு வந்து பாருங்க, புரியும்."

"அடப் பாவமே! நீங்களும் மனுப் போட்டிருக்கீங்களா சார்?"

"நாங்க எதுக்கும்மா போடணும்? எங்களுக்குள்ளதான் ஒரு பிரச்சினையும் இல்லையே!"

அவர் படியிறங்கியதும் புருஷனும் பெண்டாட்டியும் கலந்து பேசி, இனிமேல் பேசுவதில்லை என்று முடிவு செய்தார்கள். அவர்கள் சண்டையில்லாமல் எடுத்த ஒரே முடிவு அதுதான். ஆரம்பத்தில் நாக்கு நமநமவென்று அரித்தது. பிறகு பழகிவிட்டது. சில நாள் அவன் வீட்டில் இருக்கிறானா இல்லையா என்பதே அவளுக்குத் தெரியவில்லை. அதை நினைத்தபோது கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் மாடி அறையை எண்ணிப் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

அடுத்த ஆய்வில் ஆய்வாளர் பூரித்துப் போனார். "பிரமாதம்! அப்படியே எங்க வீடு!" பாக்கி இருந்தது அக்கம்பக்கத்தாரின் சாட்சியம் மட்டுமே.

"தங்கமான ஜோடி சார்," என்றாள் எதிர்வீட்டுக்காரி. "முன்னெல்லாம் ஒரே ரகளை. இப்ப இருக்குற இடம் தெரியல. எங்களை மாதிரியே திருந்திட்டாங்க."

பக்கத்து வீட்டிலும் அதையே சொன்னார்கள். அதற்கடுத்த வீட்டிலும் அப்படியே. தெருக்கோடி வரைக்கும் ஒரு வீடு பாக்கியில்லை.

நீதிபதி கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு தீர்ப்பை வாசித்தார்: "இல்லறத்தைச் சீரும் சிறப்புமாக நடத்திவரும் ஏனைய தம்பதியரிடமிருந்து இவர்களை வேறுபடுத்திக் காட்டும் அம்சம் யாதொன்றும் இல்லாமையால், மனு தள்ளுபடி செய்யப்படுகிறது." கோர்ட்டில் இருந்த கல்யாணமானவர்கள் அத்தனை பேரும், நீதிபதி உட்பட, சரிதானே என்று தலையாட்டினார்கள்.

தையல்காரம்மாவுக்கு வயிறு பற்றி எரிந்தது. வாய்விட்டுச் சண்டை போட்டால் ஆறும்போல இருந்தது. "கேட்டீங்களா இந்த அநியாயத்தை?" என்று புருஷன் பக்கம் திரும்பினாள்.

அவன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.