வைவாவை நகர்த்தப் புறப்பட்ட தமிழ்மாறன் படையெடுப்பு

வாழ்க, வங்கக் கடலின் வெண்ணுரை நாடோறும் வந்து வணங்கும் நொச்சிக்குப்பத்துத் தோன்றல்! வாழ்க, வெள்ளை மேலங்கியைக் கவசமாகப் பூண்டவன். எலும்புப் பெட்டியைச் சுமந்தும் திறவாத திண்டோளினன். இணையக் குழுக்கள் ஏழினும் இறுதிச் சொல்லைத் தனதாக்கியவன். முதலாமாண்டு மருத்துவ மாணவன் தமிழ்மாறன்! அவன் மூன்று பகல் இடையறாது ஆற்றிய பெரும்போரைப் பாடப் புகுந்த எமக்கு, அடையாற்றுப் படிப்பகத்தின் தென்மேற்கு மூலையில் அருள்பாலிக்கும் ஒற்றை மின்செருகியே, முன்னின்று காப்பாயாக! உன்னாலன்றோ எம் தலைவனின் கைப்பேசி அணையாதிருந்தது; அது அணைந்திருப்பின் இக்காப்பியமும் இல்லை, இதனால் விளைந்த கேடும் இல்லை.

போர் மூண்ட காரணம் கேண்மின். உள்மதிப்பீட்டுத் தேர்வுகள் மூன்றனுள் முன்னிரண்டிலும் வீழ்ந்துபட்டவன் தமிழ்மாறன். எஞ்சிய வாய்மொழித் தேர்விலும் ஐம்பதுக்கு இருபது எய்தானாயின், பல்கலைக்கழகத் தேர்வை எழுதும் தகுதியை இழப்பான். தோழரெல்லாம் இரண்டாமாண்டிற்குச் செல்ல, தான் மட்டும் புதிதாய் வரும் இளையோரோடு அதே மரப்பலகையில் மீண்டும் அமர்வான். இந்நிலையில் உடற்கூற்றியல் பேராசிரியர் கல்யாணராமன், வைவா என்று மாணவர் அஞ்சி வழங்கும் அவ்வாய்மொழித் தேர்வு வியாழன், வெள்ளி, சனி ஆகிய மூன்று நாளும் நாளொன்றுக்கு ஐம்பதின்மராக வரிசையெண்படி நிகழும் என்றும், பாடம் தோள் முதல் விரல்நுனி வரை என்றும் அறிவிப்புப் பலகையில் ஒட்டுவித்தார்.

தமிழ்மாறன் அறிவிலி அல்லன். தமிழ்நாட்டுச் சட்டமன்றத் தொகுதிகள் இருநூற்று முப்பத்துநான்கின் வெற்றி வித்தியாசத்தையும் உறக்கத்தில் எழுப்பிக் கேட்பினும் உரைக்க வல்லன். தன் மணிக்கட்டில் உள்ள எட்டு எலும்புகளின் பெயரைத்தான் விழித்திருக்கும்போதும் உரைக்க மாட்டான். கூட்டணிக் கணக்குகளைப் பற்றி, முகமறியா மாற்றான் ஒருவனோடு பதினேழு நாள் சொற்போர் புரிந்து, அம்மாற்றான் சலிப்புற்றுக் கணக்கையே மூடிக்கொண்டு ஓடக் கண்டவன். இத்தகையோன் திங்கட்கிழமை காலை பத்து மணிக்குப் புத்தகத்தை விரித்து, தோள்பட்டை எலும்பின் படத்தை நான்கு நொடி நோக்கி, 'பாடத்தை நகர்த்தித் தலைக்குள் ஏற்றுவது எல்லாரும் செய்வது. தேதியை நகர்த்துவதன்றோ அரசியல்' என்று உள்ளம் கிளர்ந்தெழ, வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வாக்கெடுப்பை நிறுவினான். 'இன்னும் படிக்கவில்லை, ஒரு வாரம் வேண்டும்' என்பது முதற்சின்னம். 'படித்தாயிற்று, இப்போதே வைக்கலாம்' என்பது இரண்டாவது. நூற்று நாற்பத்தொன்பதின்மர் வாக்காளர். முதல் வாக்கு, சொல்லவும் வேண்டுமோ, அவனுடையதே.

அன்று நண்பகல், கடலோரச் சாலையோரத்தில் மீன் விற்கும் அன்னை பாஞ்சாலிக்குச் சோறு கொணர்ந்தவன், அவள் பக்கத்திலேயே அமர்ந்து, கட்டைவிரலிரண்டும் கனல் கக்கத் தூது மேல் தூது விடுத்தான். வஞ்சிர மீனைத் துண்டாக்கியவாறே அவள் வினவினாள்.

"இன்னாடா, படிச்சிக்கினுகீறியா, போன நோண்டிக்கினுகீறியா?"

"எலெக்‌ஷன்மா. கிளாஸ்ல."

"நீ நிக்கிறியா?"

"நான் நிக்கல. பரீட்சைய ஒரு வாரம் தள்ளிப் போடணும்னு ஓட்டு."

"தள்ளிப் போட்டா நீ படிச்சிடுவியா?"

அந்தோ! அரிவாள்மனையினும் கூரிய அவ்வொரு வினா எம் தலைவனின் மார்பை நோக்கிப் பாய்ந்தது. ஆயினும் சொற்போரில் முதிர்ந்த அவன், விடையில்லா வினாவுக்கு இணையவெளியில் எவ்வாறு விடையளிப்பானோ அவ்வாறே விடையளித்தான். அஃதாவது, காணாதவன் போலக் கைப்பேசித் திரையை மேலே தள்ளினான்.

எதிரணிக்குத் தலைமை பூண்டு எழுந்தவள் மயிலாப்பூர் ஸ்ரீரஞ்சனி. ஆறு நிற மையால் நரம்புகளை வரைந்து சுவரெங்கும் ஒட்டிவைத்திருக்கும் அந்நங்கைக்கு அடுத்த வாரம் தமக்கையின் திருமணம். செவ்வாய்க்கிழமை காலை அவள் குழுவில் குரற்பதிவாய் முழங்கினாள்: "எங்காத்துல அடுத்த வாரம் பூரா கல்யாணம். முகூர்த்தத்தப்போ நான் எலும்பைக் கையில வச்சுண்டு நிக்க முடியாது. தமிழ்மாறா, உன் நம்பர் நூத்தி நாப்பத்தொண்ணு. உனக்கு வைவாவே சனிக்கிழமைதானே? இன்னும் நாலு நாள் முழுசா இருக்கு, படியேன்டா!"

இம்முழக்கத்தைக் கேட்டு, தமிழ்மாறனின் வகுப்புத் தோழனும் படைத்தலைவனுமாகிய சைஃப் சற்றே கலங்கினான். கண்ணுங்கருத்துமாய் வாக்குச் சேகரித்துவந்த அவனுடைய வரிசையெண்ணும் நூற்றிருபதைத் தாண்டியது; அவனுக்கும் சனிக்கிழமையே தேர்வு.

"மச்சி, அவ சொல்றது கரெக்டுதானே?"

"கரெக்டுதான்."

"அப்புறம்?"

"எதிரணி சொல்லி ஒத்துக்கினா நம்ம மானம் இன்னா ஆவறது?"

எனவே தமிழ்மாறன், அழும் பூனையின் படமொன்றை மறுமொழியாக ஏவிப் போரைத் தொடர்ந்தான். விடுதி மாணவர்க்குப் பழைய வினாத்தாள் தருவதாக உறுதியளித்து அவர்தம் பதினொரு வாக்கைப் பெற்றான். பேருந்தில் வருவோர்க்கு மழை வரக்கூடும் என்று நினைவூட்டி ஒன்பது வாக்கை ஈர்த்தான். 'தேர்வைத் தள்ளிவைத்தலும் மாணவர் உரிமையும்' என்னும் பொருளில் அவன் யாத்த நெடும்பதிவு, அப்பாடநூலின் தோள் அதிகாரத்தைக் காட்டிலும் இரண்டு பக்கம் மிகுந்திருந்தது. ஸ்ரீரஞ்சனியோ வாக்குக்கு ஒரு நரம்புப் படம் என்று வழங்கி, சென்றவரை மீட்டாள். இரு கடல் மோதினாற்போலவும், இரு மலை பொருதாற்போலவும், பாண்டி பஜாரில் ஒரே ஆட்டோவை இருவர் பற்றி இழுத்தாற்போலவும் நிகழ்ந்த அப்போரின் முடிவில், புதன்கிழமை காலை வாக்குகள் எழுபத்துநான்கும் எழுபத்துநான்குமாய்ச் சமனுற்று நின்றன.

எஞ்சியவன் ஒருவன். அவன் பெயர் வலியுல்லா. சிற்றப்பன் மகளின் திருமணத்திற்காக வடபழனி மண்டபமொன்றில் இருந்த அவன் கைப்பேசியை எடுத்தானில்லை. உடனே சைஃபின் இருசக்கர ஊர்தியில் பின்னமர்ந்து புறப்பட்டான் தமிழ்மாறன். தியாகராய நகரின் நெரிசலைப் பிளந்து, கோடம்பாக்கத்து மேம்பாலத்தைத் தாவி, சிவப்பு விளக்குகள் ஆறில் நின்று, ஏழாவதில் மட்டும் நிற்காது சென்றடைந்தான். ஆங்கே, முழங்கை வரை பிரியாணி மணக்கப் பந்தியில் வீற்றிருந்த வலியுல்லா வியந்து கூவினான்.

"இன்னா மச்சி, பத்திரிகை வைக்காமயே வந்துகீற! உக்காரு, சாப்புடு!"

"சாப்பாடு வாணாம். ஓட்டு போடு."

"கை பூரா பிரியாணி. போன் மேல் பாக்கெட்ல கீது, எடுத்து நீயே அமுக்கு. எதுக்கு ஓட்டு?"

"வைவாவ தள்ளிப் போட."

"நான் நேத்தே படிச்சி முடிச்சிட்டேனே… செரி, இவ்ளோ தூரம் வந்துட்ட. அமுக்கு."

எழுபத்தைந்து! வென்றான் தமிழ்மாறன்! மீளும் வழியில், தலைக்கவசத்தின் உள்ளிருளில், வெற்றிமுரசு ஓய்ந்த ஒரு நொடியில், அவன் நெஞ்சே அவனை எள்ளிற்று. 'ஒரு வாரம் வேண்டுமென்று மூன்று நாளைத் தொலைத்தேன். இந்த முயற்சியில் பாதியைச் செலுத்தியிருப்பின் தோளையும் கையையும் இருமுறை படித்திருப்பேன். அந்த ஒரு வாரம் கிட்டினும் அதை வேறொரு தேர்தலில்தானே தொலைக்கப் போகிறேன்? வயிற்றுவலி என்று வருவோரிடமும் வாக்கெடுப்பு நடத்துவேன் போலும்' என்றெண்ணித் தனக்குத் தானே நகைத்தான். நகைத்தானேயன்றி மீண்டானல்லன், வண்டியும் கல்லூரி வாயிலை அடைந்துவிட்டது.

அக்கல்லூரியில் ஒரு வழக்கம் உண்டு. எவ்வேண்டுகோளாயினும் எழுத்தில், பெயர்ப்பட்டியலோடு கொடுத்தாலன்றித் துறையலுவலகம் ஏற்காது. ஆதலின் தமிழ்மாறன், 'இன்னும் படிக்கவில்லை, ஒரு வாரம் வேண்டும்' என்னும் வெற்றிச் சின்னத்தையே தலைப்பாகப் பொறித்து, அதன்கீழ்த் தோழர் எழுபத்தைவரின் பெயரையும் அச்சிட்டு, படைமுதல்வன் ஆதலால் தன் பெயரை உச்சியில் நிறுத்தி, பேராசிரியர் கல்யாணராமனின் மேசைமீது அரசாணையென வைத்தான். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து, தலைப்பை இருமுறை படித்து, பட்டியலை விரலால் கடைசிவரை வருடி, இனிய குரலில் மொழிந்தருளினார்.

"ரொம்ப சந்தோஷம். எழுபத்தஞ்சு பேர் படிக்கலைன்னு எழுத்துலயே குடுத்திருக்கேள். மத்தவாள்லாம் படிச்சாச்சு, அவா எப்போ வந்தாலும் சொல்லிடுவா. அப்போ நான் யாரை முதல்ல பாக்கணும்? வரிசையெண் வேண்டாம். நாளைக்குக் காலம்பர ஒம்பது மணி, இந்த லிஸ்ட்படியே வாங்கோ."

"சார்… என் நம்பர் நூத்தி நாப்பத்தொண்ணு சார்."

"இதுல ஒண்ணு."

அன்று மாலை வகுப்புக் குழுவில் எழுந்த பேரிரைச்சலை யாம் எவ்வாறு பாடுவோம்! நேற்று வரை வாழ்த்தொலித்த எழுபத்துநால்வரும் வசையொலித்தனர். படிப்பை முடித்திருந்தும் படிக்காதவனாய் எழுத்தில் நின்ற வலியுல்லா, குரற்பதிவில் நான்கு நிமிடம் பேசினான், அவற்றுள் அச்சிடத் தக்கவை மூன்று சொற்கள். வியாழன் காலை ஒன்பது மணிக்கு, சோழர் கடற்படையை எதிர்நோக்கிய தனிப்படகென, ஊழிக்காற்றில் நின்ற ஒற்றைப் பனையென, வெள்ளை மேலங்கியின் பொத்தான்கள் ஒவ்வொன்றும் ஓரிடம் மாறி மாட்டப்பட்டிருக்க, எம் தலைவன் தேர்வறை புகுந்தான், பேராசிரியர் நீட்டிய தோள்பட்டை எலும்பை இரு கரத்தாலும் வாங்கினான், மேலது கீழாகவும் முன்னது பின்னாகவும் ஏந்தினான், விசிறி சுழன்றது, சுவர்க் கடிகாரம் நடந்தது, நாவானது, நாடாளுமன்றத்தையே நடுக்கவல்ல அந்நாவானது, ஒரு சொல்லும் உரையாது அடங்கிக் கிடந்தது.

எட்டு மார்க் போட்டார்கள், அடுத்த வருடமும் தமிழ்மாறன் ஃபர்ஸ்ட் இயர்தான்.