இதுதான் இறுதி

"வாழ்த்துகள்" என்றது திரை. "உங்கள் நிறுவனம் வெற்றிகரமாக மூடப்பட்டது."

கிளார்க் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மாட்டிக்கொண்டு, மறுபடி படித்தார். நிறுவனம் மூடப்பட்டேதான் இருந்தது.

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் பதினோரு மிஷின்களும் ஓடிக்கொண்டிருந்தன. பாட்டில் மூடிகள் தகரப் பெட்டிகளில் சடசடவென்று விழுந்தன. அளவு நாடா வைத்திருந்த ஆள் ஒருவர், வாசல் கதவின் அகலத்தை அளந்து உள்ளங்கையில் எழுதிக்கொண்டிருந்தார். புது மிஷின் வரப்போகிறது என்று காலையிலிருந்து பேச்சு.

மாதத்தின் கடைசி நாள். நாற்பத்து மூன்று பேரின் சம்பள அறிக்கையை மாலை ஐந்து மணிக்குள் அரசாங்கத்தின் தளத்தில் ஏற்றவேண்டும். கிளார்க் அதை நான்கு முறை திருத்தியிருந்தார். கோப்புகள் வரிசையாகக் கிடந்தன: 'இறுதி', 'இறுதி 2', 'புது இறுதி', 'இதுதான் இறுதி'. நான்காவதைத்தான் சற்று முன் ஏற்றியிருந்தார். இந்த மாதம் தளத்தில் புதிதாக ஒரு கட்டம் முளைத்திருந்தது. இது இறுதி அறிக்கையா என்று அது கேட்டது. இதைவிட இறுதியான ஒன்றை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. டிக் போட்டார். இழுப்பறையிலிருந்து முதலாளியின் மின்கையெழுத்துச் சாவியை எடுத்துக் கணினியில் செருகி, அனுப்பினார்.

இன்டர்காம் அடித்தது. மாடியில் முதலாளி. முழங்கால் வலி உள்ளவர். காலையில் ஏறினால் மாலையில்தான் இறங்குவார். காலையில் ஒருமுறை அடித்தபோது கிளார்க் கழிவறையில் இருந்தார். இப்போது எதிரிலேயே இருந்தார். எடுக்கவில்லை. அது அடித்து ஓய்ந்ததும் உதவி எண்ணைக் கூப்பிட்டார்.

"என்ன தொழில் சார்?" என்றது ஒரு பெண் குரல்.

"மூடிங்க."

"மூடியாச்சா?"

"இல்லம்மா. மூடி."

"எப்ப மூடினீங்க?"

"மூடலம்மா. மூடி செய்யறோம். பாட்டிலுக்கு."

"சரி சார். உங்க மூடி கம்பெனி மூடியாச்சுன்னுதான் இங்க காட்டுது."

"அதாம்மா தப்பு. தொறந்துதான் இருக்கோம். மிஷின் சத்தம் கேக்குது பாருங்க." போனைத் தடுப்பின் பக்கம் நீட்டினார்.

"சத்தமெல்லாம் நாங்க பதிவு பண்ண முடியாது சார். ஏன் இறுதின்னு டிக் போட்டீங்க?"

"அதுக்கு முந்தி மூணு போட்டேம்மா. இது நாலாவது. இதுதான் இறுதி."

எதிர்முனையில் அவள் விசைப்பலகையில் எதையோ தட்டினாள்.

"இறுதின்னா, இனிமே யாருக்கும் சம்பளமே குடுக்கப்போறதில்லன்னு அர்த்தம் சார். பத்து நிமிஷத்துல உங்க ஆளுங்க எல்லாருக்கும் மெசேஜ் போயிடும்."

"நிறுத்த முடியாதா?"

"அது தானா போறது. என்னாலயும் முடியாது, எங்க டைரக்டராலயும் முடியாது. நீங்க மறுதொடக்கப் படிவம் போடுங்க."

படிவத்தைத் தேடிக்கொண்டிருக்கும்போதே வீட்டிலிருந்து போன் வந்தது. அரசாங்கத்தில் அவர் பதிந்திருந்தது மனைவியின் எண்.

"என்னங்க, வேலைய விட்டுட்டீங்களாமே?"

"யார் சொன்னா?"

"கவர்மெண்டே சொல்லுது. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலயா உங்களுக்கு?"

"விடலடி. வேலைலதான் இருக்கேன்."

"அப்ப உங்களத் தொரத்திட்டாங்களா?"

"தொரத்தவும் இல்ல. கம்பெனிய மூடிட்டாங்க."

"யாரு?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "நான்தான்."

"சாயங்காலம் வரும்போது தலைவலி மாத்திரை வாங்கிட்டு வாங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள். இருபத்தைந்து வருட வாழ்க்கையில் அவரைப் பற்றி அவளுக்கு இருந்த கருத்து எதுவும் இந்தச் செய்தியால் மாறியதாகத் தெரியவில்லை.

வைத்த பிறகுதான் கவனித்தார். தடுப்புக்கு அப்பால் சத்தம் நின்றிருந்தது. பதினோரு மிஷின்களும் நின்று அவர் கேட்டதே இல்லை. எல்லோர் கையிலும் போன் இருந்தது.

முதலில் உள்ளே வந்தவள் பெரியக்கா. நாலாம் நம்பர் மிஷின்காரி. கம்பெனியில் வயதில் அவளுக்கு மூத்தவர் முதலாளி மட்டும்தான். பத்தொன்பது வருடம் பத்து மாதம் முடித்திருந்தாள். இருபது நிறைந்தால் ஓய்வூதியம். மிச்சம் இரண்டு மாதம். அவள் கணவர் படுக்கையில் இருந்தார் என்பதும், இரண்டு மாதத்தை அவள் நாள்கணக்கில் எண்ணிக்கொண்டிருந்தாள் என்பதும் எல்லோருக்கும் தெரியும்.

"தம்பி, இது என்ன?" போனை நீட்டினாள். தமிழ் படிக்கத் தெரிந்தவள்தான். இன்னொருவர் வாயால் கேட்க விரும்பினாள்.

"கம்ப்யூட்டர் தப்புக்கா. அரை மணில சரியாயிடும்."

"சத்தியமா?"

"மூடி கம்பெனிய மூட முடியுமாக்கா?" என்றார் கிளார்க். யாரும் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை.

மிஷின்கள் ஒவ்வொன்றாக ஓடத் தொடங்கின. அவர் மறுதொடக்கப் படிவத்தைத் திறந்தார். மூடிய நாளிலேயே திறக்க அது ஒப்புக்கொள்ளவில்லை. மறுநாள் தேதியைப் போட்டார். ஒப்புக்கொண்டது. நாற்பத்து மூன்று பேரையும் மறுபடி சேர்க்கவா என்றது. ஆம் என்றார். நன்றி என்றது.

இன்டர்காம் அடித்தது. கிளார்க் மேஜைமேல் இருந்த தடித்த ஃபைலை எடுத்து அதன்மேல் வைத்தார். சத்தம் கொஞ்சம் குறைந்தது.

பத்து நிமிடத்தில் மிஷின்கள் மறுபடி நின்றன.

"புதிய பணியில் சேர்வதற்கு வாழ்த்துகளாம்" என்றாள் பெரியக்கா. "நாளைக்கு வேலைல சேரப்போறேனாம். அப்ப இன்னிக்கு இங்க என்ன பண்ணிட்டிருக்கேன்?"

"அது ஒண்ணுமில்லக்கா..."

"ஆறு மாசம் தகுதி பாப்பாங்களாம். எனக்கு." அவள் குரல் தணிந்தது. "பழைய சர்வீஸ் பூஜ்யம்னு போட்டிருக்கு தம்பி."

அவர் பார்த்தார். பூஜ்யம்தான். அவருக்கும் பூஜ்யம். பதினேழு வருடம் போயிருந்தது. ஆனால் அவளுடைய பூஜ்யம்தான் பெரிதாகத் தெரிந்தது.

உதவி எண்ணில் அதே பெண். "மூடி சாரா?" என்றாள்.

"ஆமாம்மா."

"திருத்தலாம் சார். ஆனா ஒவ்வொருத்தரையும் தனித்தனியா திருத்தணும். அவங்க முதல்முதலா சேந்த தேதி வேணும். பழைய பதிவேட்டுல அந்தப் பக்கத்தப் படம் எடுத்துப் போடணும். அஞ்சு மணிக்குள்ள."

"செஞ்சுடறேன்."

"இன்னொண்ணு. இப்படி ஒருதடவ திருத்தித் தொறந்துட்டா, ஆறு மாசத்துக்கு மறுபடி மூட முடியாது. அந்த இறுதிக் கட்டமே பூட்டிக்கும். அதுவரைக்கும் எல்லாருக்கும் சம்பளம் குடுத்தே ஆகணும். சம்மதம்னு முதலாளி சாவியப் போட்டு ஒத்துக்கணும்."

"மூடவே மாட்டோம்மா" என்றார் கிளார்க். சாவி செருகியபடியே இருந்தது. சம்மதம் என்ற பொத்தானை இரண்டு முறை அழுத்தினார். ஒருமுறை போதுமாயிருந்தது.

பதிவேடு அலமாரியில் இல்லை. அலமாரிக்குப் பின்னால் இல்லை. கழிவறைப் பரணில் பழைய நாள்காட்டிகளும் ஒரு செத்த பல்லியும் இருந்தன.

"சிவப்பு அட்டை, தடியா இருக்குமே, அதா?" என்றாள் பெரியக்கா. "அத என் மிஷின் காலுக்கு முட்டுக் குடுத்து ஏழு வருஷமாச்சு. இல்லாட்டி ஆடும். அதுக்கப்புறம் புதுசா யாரையும் சேக்கவும் இல்லயே."

நாலாம் நம்பர் மிஷின் ஒரு லாரியின் பாதி எடை. ஆறு பேர் சேர்ந்து முக்கினார்கள். அசையவில்லை. நாடாக்காரர் அதுவரை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன் வண்டியிலிருந்து ஜாக்கியை எடுத்து வந்தார்.

"உங்களுக்கு எதுக்குங்க சிரமம்?" என்றார் கிளார்க்.

"இதுல என்ன சார் சிரமம். எனக்கும் எடை தெரிஞ்ச மாதிரி ஆச்சு."

தங்கமான மனிதர் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள்.

மிஷின் எழும்பியது. பதிவேடு வந்தது. எண்ணெய் ஊறி, நடுவில் இரும்புக் காலின் வட்டம் பதிந்திருந்தது. மிஷினைக் கீழே இறக்கியதும் அது ஒருபக்கமாகச் சாய்ந்து நின்றுவிட்டது. அன்றைக்கு இனி ஓடாது.

வேலை இல்லாமல் போன பெரியக்கா கிளார்க்கின் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். அவள் தேதியைப் படித்தாள். அவர் தட்டினார். படம் எடுத்தார். ஏற்றினார். ஒவ்வொரு ஆளுக்கும் ஆறு நிமிடம் ஆயிற்று. மதியச் சாப்பாட்டை யாரும் நினைக்கவில்லை. இன்டர்காம் இரண்டு முறை அடித்தது. இரண்டாவது முறை நெடுநேரம் அடித்தது.

"எடுங்களேன்" என்றாள்.

"சரி பண்ணிட்டு எடுக்கறேன்க்கா. இப்ப எடுத்தா என்ன சொல்றது?"

"நல்ல மனுஷன்தான். திட்டினா திட்டுவாரு, அவ்வளவுதான்."

"திட்டறதுன்னா பரவாயில்ல. இன்னிக்கே என்னைய அனுப்பிட்டா இத யாரு முடிக்கறது?"

பன்னிரண்டாவது வரியில் அவள் நிறுத்தினாள்.

"இது நான்." விரலை அதன்மேல் வைத்துக்கொண்டாள். "கையெழுத்து எவ்வளவு நேரா போட்டிருக்கேன் பாருங்க. அன்னிக்குப் புதுப் புடவை கட்டிட்டு வந்தேன். மத்தியானத்துக்குள்ள எண்ணெய் ஆயிடுச்சு."

"தேதி படிங்கக்கா. நேரமாச்சு."

படித்தாள். அவர் தட்டினார். இரண்டு முறை சரிபார்த்தார். மற்ற யாருக்கும் அவர் இரண்டு முறை சரிபார்க்கவில்லை.

தன் பெயரைக் கடைசியாக வைத்திருந்தார். அதை ஏற்றியபோது மணி ஐந்தாக எட்டு நிமிடம். திரையில் ஒரு வளையம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. பெரியக்கா கண்களை மூடிக்கொண்டாள். திரை வெளுத்து, எழுத்து வந்தது.

"நிறுவனம் இயங்குகிறது. இறுதி அறிக்கை: இல்லை. அனைவரது பணிக்காலமும் தொடர்கிறது."

தடுப்புக்கு அப்பால் நாற்பது போன்கள் ஒவ்வொன்றாகக் கூவின. யாரோ கைதட்டினார்கள். யாரோ, "மூடியத் தொறந்தாச்சு டோய்!" என்று கத்தினார்கள். அன்றைக்கு முதல்முறையாகச் சிரிப்புக் கேட்டது.

பெரியக்கா எழுந்து போய் ஒரு டம்ளர் டீ கொண்டுவந்து வைத்தாள். அவர் தோளை ஒருமுறை தொட்டுவிட்டுப் போனாள். தொட்ட இடத்தில் சட்டையில் எண்ணெய் பட்டிருந்தது. கிளார்க் அதைத் துடைக்கவில்லை.

டீ ஆறியிருந்தது. குடித்து முடித்து, இன்டர்காமின் மேலிருந்த ஃபைலை எடுத்தார். மாடியை அழைத்தார். அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை.

கதவைத் தட்டிவிட்டு நாடாக்காரர் எட்டிப் பார்த்தார். கையில் நான்காக மடித்த ஒரு சீட்டு.

"முதலாளி பின்பக்கமா கிளம்பிட்டாரு சார். எல்லார் மூஞ்சியும் பாக்க முடியலன்னாரு. காலைலேர்ந்து உங்களக் கூப்பிடறாராம், நீங்க எடுக்கவே இல்லயாம். எங்கிட்ட இதக் குடுத்துட்டுப் போனாரு. படிச்சே காட்டிடச் சொன்னாரு, இங்கயே படிச்சுடறேன்."

சீட்டைப் பிரித்து, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"'நாளைக்கு இவர் மிஷின்களைப் பழைய இரும்பு எடைக்கு எடுக்க வருவார், அதுக்கு முன்னாடி இந்த மாச அறிக்கையில இறுதின்னு ஒரு கட்டம் இருக்கும், அதுல மறக்காம டிக் போட்டுடவும்.'"