ஒரு பிழைக்கு மூன்று நடை

"அப்பா, மெதுவா பேசுங்க. அம்மா பேருதான் முதல்ல வருது" என்று மகள் மடிக்கணினியை அவர் பக்கம் திருப்பினாள்.

அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். திரையில் வரிசையாகச் சிவப்புத் தூண்கள். எல்லாம் முழங்கால் உயரத்துக்கு அடக்கமாக நின்றன. ஒன்று மட்டும் மாடி வீடு மாதிரி எழும்பி நின்றது. அதன் அடியில் அவர் மனைவியின் பெயர்.

"முதல்ல வந்தா சந்தோஷம்தானே? எதுக்கு ரகசியம்?"

"இது தப்புக் கணக்குப்பா. யாரோட புரோகிராமுல அதிகமா தப்பு கண்டுபிடிச்சாங்கன்னு."

வாயில் இருந்த தேநீரை விழுங்குவதா வேண்டாமா என்று அவருக்கு ஒரு கணம் புரியவில்லை.

உள்ளறையிலிருந்து மனைவியின் குரல் வந்தது. "என்னங்க, நாளைக்கு நீலம் உடுத்தவா, பச்சை உடுத்தவா?"

"எது உடுத்தினாலும் நல்லாத்தான் இருக்கும்!"

"திரும்பிப் பார்க்காமலே சொல்றீங்க பாருங்க" என்றது குரல், கோபமில்லாமல். பிறகு பீரோக் கதவின் ஓசையும் ஏதோ பழைய பாட்டின் முணுமுணுப்பும்.

புருஷனும் பெண்டாட்டியும் ஒரே கம்ப்யூட்டர் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். மகள் இப்போது அதே ஆபீசில்தான் இருக்கிறாள். அந்தப் பழைய கட்டடத்தைக் காலி செய்யப் போகிறார்கள். காலி செய்வதற்கு முன் பழைய ஆட்களையெல்லாம் ஒரு தடவை கூப்பிட்டு விருந்து வைப்பதாக ஏற்பாடு. சுவர் முழுக்கப் பழைய படங்கள். ஒரு மூலையில் சின்னதாக ஒரு விளக்கப்படம், 'அந்தக் காலத்தில் நாம் எழுதிய புரோகிராம்கள்' என்று. அதைத் தயாரிக்கும் வேலை மகள் தலையில் விழுந்திருந்தது. கிடங்கில் கிடந்த பதிவுகளையெல்லாம் கணினியில் ஏற்றி, புரோகிராமின் அளவு, சிக்கல், தரம் எல்லாவற்றையும் அளக்கிற இந்தக் காலத்துக் கருவியில் போட்டு அரைத்திருந்தாள். அரைத்ததில் வந்ததுதான் மாடி வீடு.

"எந்தப் புரோகிராம்?" என்று கேட்டார், தெரிந்துகொண்டே.

"பஸ் டைம்டேபிள்."

போச்சு. மனைவி தன் வாழ்நாளில் பெருமையாகச் சொல்லிக்கொள்வது இரண்டு. ஒன்று மகள். இன்னொன்று அந்தப் பஸ் டைம்டேபிள் புரோகிராம். ஊரிலுள்ள எல்லா பஸ்களின் நேரத்தையும் ஒழுங்காக அச்சடித்துத் தள்ளிய புரோகிராம். 'நாளைக்கு எல்லாரும் அதைப் பத்தித்தான் கேக்கப் போறாங்க' என்று காலையிலிருந்து மூன்று தடவை சொல்லிவிட்டாள்.

"பதறாதே" என்றார் மகளிடம். பதறியது அவர்தான். "அளக்கறதுன்னா சும்மா எண்ணி வைக்கறதில்ல. பெரிய வீட்டுல தூசு அதிகமாத்தான் இருக்கும். புரோகிராமோட அளவால வகுத்துப் பாரு."

அளவு என்று வந்துவிட்டால் அவரிடம் யாரும் மறுத்துப் பேச முடியாது. அவருக்கு ஆபீசில் பெயரே 'ஸ்கேல்'. மற்றவர்கள் எழுதியதைச் சரிபார்க்கும் தரப் பிரிவில் சேர்ந்த புதிதில் ஒரு புரோகிராமில் எத்தனை வரி இருக்கிறது என்று எண்ணிச் சொல்லும் வேலையைக் கொடுத்தார்கள். இரண்டு ஓரமும் ஓட்டை போட்ட அகலத் தாள், கட்டுக் கட்டாக. எண்ணி எண்ணிக் கண் பூத்துப்போனது. அச்சில் எல்லா வரியும் ஒரே உயரம்தானே என்று ஒரு நாள் தோன்றியது. மர ஸ்கேலை எடுத்துத் தாளை அளந்து, வகுத்து, விடையைச் சொல்லிவிட்டார். கம்ப்யூட்டரை ஸ்கேல் வைத்து அளக்கிறவர் என்று ஆபீஸ் முழுக்க அன்றைக்குச் சிரித்தது. பெயர் ஒட்டிக்கொண்டது.

மகள் விசைகளைத் தட்டினாள். தூண்கள் கலைந்து மறுபடி எழுந்தன. மற்றவையெல்லாம் எறும்புகளாயின. மாடி வீடு கோபுரமாகித் திரையின் கூரையை முட்டியது.

"அம்மா ரொம்பச் சின்னதா எழுதியிருக்காங்கப்பா. மத்தவங்க பத்து வரியில சொல்றதை அம்மா மூணு வரியில சொல்லியிருக்காங்க. இவ்வளவு சின்ன புரோகிராமுல இவ்வளவு தப்பான்னு ஆயிடுச்சு."

"சரி சரி. சின்னதா இருந்தாலும் உள்ளே சிக்கலா இருக்கும். வழி பிரியற இடத்தையெல்லாம் எண்ணு. இப்படி இருந்தா அங்கே போ, இல்லன்னா இங்கே போன்னு வருமே, அது. சிக்கல் அதிகமா இருந்தா தப்பை மன்னிச்சுடலாம்."

மகள் எண்ணினாள். அதாவது கருவி எண்ணியது.

"அய்யோ அப்பா."

"என்ன?"

"இருக்கறதிலேயே நேரான புரோகிராம் அம்மாவோடதுதான். கல்லு முள்ளு இல்லாத ரோடு மாதிரி இருக்கு. இந்த ரோட்டுலயா இத்தனை தடவை விழுந்தாங்கன்னு இப்ப புதுசா ஒரு படம் வந்திருக்கு."

அவர் எழுந்து சாப்பாட்டு மேஜையைச் சுற்றி ஒரு நடை நடந்தார்.

"சரிசெய்ய எவ்வளவு நேரம் எடுத்தாங்கன்னு போடு. அவ கை வேகம் எனக்குத் தெரியும்."

அந்தப் படம் வந்தபோது அவர் முகம் மலர்ந்தது. மனைவியின் தூண் இருக்கிற இடமே தெரியவில்லை. "பார்த்தியா! உடனுக்குடனே சரி பண்ணியிருக்கா!"

"அதுதாம்பா வம்பு. கண்ணை மூடிட்டுத் திருத்தற தப்பை, கண்ணைத் திறந்து வச்சுக்கிட்டு ஏன் செஞ்சாங்கன்னு கேக்க மாட்டாங்களா? பஸ் நேரத்துல ஒரு தப்புகூட இல்லப்பா. எல்லாம் தலைப்பு ஒரு எழுத்து தள்ளி நிக்குது, பக்க நம்பர் காணோம், கடைசித் தாள் வெறுமையா வருது, இந்த ரகம்தான். கண்டுபிடிச்சது அத்தனையும் ஒரே ஆள்." மகள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். "நீங்க."

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

அவர் இத்தனை வருஷமாக யாரிடமும் சொல்லாத ஒன்று உண்டு.

தப்பு கண்டுபிடித்தால் ஒரு துண்டுத் தாளில் எழுதித் தட்டில் போட வேண்டும், அவ்வளவுதான் விதி. மாலையில் அதுவாக எழுதியவரிடம் போய்ச் சேரும். அவரும் எல்லாருடைய தப்பையும் தட்டில்தான் போட்டார், பஸ் டைம்டேபிளைத் தவிர. அதை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு மாடிப்படி இறங்கி, அச்சு இயந்திரம் கடகடவென்று அலறும் அறையைத் தாண்டி, செருப்பைக் கழற்றிவிட்டு நுழைய வேண்டிய அந்தக் குளிர்ந்த கம்ப்யூட்டர் அறைக்குப் போவார். கடைசி மேஜையில் அவள், அப்போது இன்னும் அவர் மனைவியாகவில்லை. பச்சை எழுத்து மின்னும் திரை. அந்தப் பச்சை அவள் மூக்குக் கண்ணாடியிலும் மின்னும்.

"இங்கே பாருங்க மேடம், தலைப்பு தள்ளி நிக்குது."

"அய்யோ, ஆமா சார். உட்காருங்க, இப்பவே மாத்திடறேன்."

அந்த 'உட்காருங்க'வுக்காகத்தான் எல்லாம். தினமும் தப்பு கிடைத்தது அவருடைய அதிர்ஷ்டம். ஆனால் ஒரு தப்புக்கு ஒரு நடைதானே? அதனால் அதை மூன்றாகப் பிரித்தார். தலைப்பு இடம் தவறியது என்று ஒன்று, அதனால் ஓரம் கோணலானது என்று ஒன்று, அதனால் தாள் அழகு கெட்டது என்று ஒன்று. ஒரு பிழைக்கு மூன்று நடை. மூன்று பதிவு. அந்தப் பதிவுகள்தான் இப்போது கோபுரமாக நிற்கின்றன. தன் காதலுக்கு அவர் எழுப்பிய கோபுரம், பெண்டாட்டியின் மானத்தின் மேல் நின்றுகொண்டிருந்தது.

"அந்தப் படத்தையே எடுத்துடு" என்றார்.

அதற்குள் மகளின் கைபேசி அடித்தது. விழாப் பொறுப்பாளர். மகள் செய்வதெல்லாம் அந்தப் பொறுப்பாளர் திரையிலும் அப்படியே தெரியும் ஏற்பாடாம்.

"பிரமாதம்!" என்று பொறுப்பாளர் கத்தியது அறை முழுக்கக் கேட்டது. "ஒரு படம்தான் கேட்டேன், நாலு அனுப்பியிருக்கீங்க! நாலையும் ஆளுயரத்துக்கு அச்சடிக்கச் சொல்லிட்டேன். மூலையில வேண்டாம், வாசல்லேர்ந்து வரிசையா மாட்டிடலாம்!"

அவர் மகளிடமிருந்து கைபேசியைப் பிடுங்கிக்கொண்டார். "தம்பி, அதுல எங்க வீட்டம்மா பேரு இருக்கு. தயவு பண்ணி அந்தப் பேரை எடுத்துடுங்க."

"ஓ! தாராளமா சார். பேர்தானே? எடுத்துட்டாப் போச்சு."

அவர் நிம்மதியாக மூச்சுவிட்டார். அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினார்.

மறுநாள் மாலை, பழைய ஆபீஸ் வாசலில் கால் வைத்ததும் அந்தத் தூக்கத்துக்கெல்லாம் சேர்த்து வாங்கிக்கட்டிக்கொண்டார். நாலு ஆளுயரப் படங்கள். மற்ற தூண்களின் கீழெல்லாம் பெயர் இருந்தது. கோபுரத்தின் கீழ் மட்டும் பெரிய கேள்விக்குறி. மேலே கொட்டை எழுத்தில், 'இது யார்? கண்டுபிடியுங்கள்! பரிசு வெல்லுங்கள்!'

நரைத்த தலைகள் கும்பலாக நின்று ஊகித்துக்கொண்டிருந்தன.

"நம்ம தூங்குமூஞ்சி சாரா இருக்கும்."

"அவர் புரோகிராம் எழுதினாத்தானேய்யா தப்பு வர்றதுக்கு?"

நீலம் உடுத்திய மனைவி, உள்ளே நுழைந்ததுமே யாரோ ஒரு சிநேகிதியைக் கட்டிக்கொண்டு அழுது சிரித்துக்கொண்டிருந்தாள். அவருக்கு அவகாசம் கொஞ்சம்தான். ஓடிப்போய் முதல் படத்தின் முன்னால் முதுகைக் காட்டி நின்றார். அங்கே சரியாக மறையவில்லை என்று கையை விரித்துக்கொண்டார்.

"அட, ஸ்கேல்! நம்மளைக் கட்டிப்பிடிக்கத்தான் கையை விரிச்சுக்கிட்டு நிக்கறான்!" என்று ஒருவர் வந்து தழுவிக்கொண்டார். அவரைப் பார்த்து இன்னொருவர். அவர்களைப் பார்த்து நாலு பேர். கொஞ்ச நேரத்தில் மொத்த விருந்தும் அந்தப் படத்தடியில்தான் நடந்தது. கடைசியில், என்ன கூட்டம் என்று பார்க்க மனைவியும் வந்தாள்.

"என்னங்க மறைக்கறீங்க? நகருங்க."

நகர்ந்தார். வேறு வழியில்லை.

அவள் முதல் படத்தைப் படித்தாள். இரண்டாவதைப் படித்தாள். மூன்றாவதில் சிவப்புக் கோபுரத்தின் பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்ததைக் கிட்டப் போய்ப் படித்தாள். 'பஸ் டைம்டேபிள்.' கேள்விக்குறியைப் பார்த்தாள். கூட்டமும் மெல்ல மெல்ல அவளைப் பார்த்தது.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

அவருக்கு அதைப் பார்க்கத் தாங்கவில்லை. அத்தனை பேர் முன்னாலும் சொல்லிவிட்டார்.

"இது அவ தப்பு இல்ல! எல்லாம் நான் பண்ணினது. தட்டுல போட வேண்டியதைக் கையில தூக்கிட்டுப் போனேன். ஒரு தப்பை மூணாப் பிரிச்சு எழுதினேன். அவளைப் பார்க்கறதுக்கு எனக்கு வேற சாக்கு கிடைக்கல. இந்தக் கோபுரத்தை மூணால வகுத்துப் பாருங்க, அதுதான் சரியான அளவு!"

கூட்டத்தில் யாரோ கைதட்டினார்கள். மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். மனைவி நிமிரவே இல்லை. அவள் தோள் மட்டும் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து அவர் பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தார். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். அடக்க முடியாமல், கண்ணில் நீர் வர, அந்தக் குளிர் அறையில் பச்சை வெளிச்சத்தில் பார்த்த அதே முகத்தோடு.

"என்னம்மா, இதுல சிரிக்க என்ன இருக்கு?"

கைத்தடியை ஊன்றிக்கொண்டு பின்னாலிருந்து வந்த வயசாளி ஒருவரை நோக்கி, வேண்டாம் வேண்டாம் என்று கையை மட்டும் ஆட்டினாள். அவர் அந்தக் காலத்தில் அவளுடைய டீம் லீடர். பிரிவில் யார் எதை எழுதினாலும் வரி வரியாகப் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் அது மாடியிலிருந்த தரப் பிரிவுக்குப் போகும். வயசாளி படத்தை மேலும் கீழும் பார்த்தார். ஸ்கேலையும் மேலும் கீழும் பார்த்தார்.

"மூணால வகுத்தாலும் சரியா வராது தம்பி" என்றார். "நான் கையெழுத்துப் போட்டப்போ இந்தப் புரோகிராமுல ஒரு தப்பும் கிடையாது, மாடிக்கு அனுப்பறதுக்கு முன்னாடி தினம் ஒண்ணா இந்தப் பொண்ணுதான் கையாலேயே சேர்த்து அனுப்பிச்சுது."