அக்காவின் சங்கிலிக்கு வெள்ளையடித்த விஞ்ஞானி

பட்டம் கைக்கு வராத விஞ்ஞானியைப் போல ஆபத்தான ஆள் உலகத்தில் கிடையாது. அதிலும் வீட்டில் கல்யாணம் என்றால் அவனைக் கட்டிப்போட்டு வைப்பது நல்லது. என்னை யாரும் கட்டிப்போடவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கம். பல்கலைக்கழகத்தில் என் இறுதியாண்டு ஆய்வு டைட்டானியம் டை ஆக்சைடு என்ற வெள்ளைப் பொடியைப் பற்றியது. சாயம் கலந்த நீரில் அதைப் போட்டு வெயிலில் வைத்தால் சாயம் வெளுக்கும். பொடி கட்டி கட்டியாக இருந்தால் வேலை மந்தம். காதுக்கு எட்டாத ஒலியால் நீரை அதிரவைத்தால் கட்டிகள் உடைந்து பொடி சுறுசுறுப்பாகிவிடும் (என்னைவிட). அப்படி அதிரவைக்கும் ஒலித்தொட்டிதான் எங்கள் ஆய்வுக்கூடத்தில் பழுதாகிக் கிடந்தது. நீர் கலந்த பொடியை ஒரு போத்தலில் அடைத்துப் பையில் சுமந்துகொண்டே அக்கா கல்யாணத்துக்கு எங்கள் ரப்பர் எஸ்டேட்டுக்கு வந்து சேர்ந்தேன்.

கல்யாணத்துக்கு முதல் நாள், அக்கா தன் சங்கிலியைக் கொடுத்து, பக்கத்து டவுனான பகாவில் நகைக்கடையில் கழுவி வாங்கி வரச் சொன்னாள். பால்மரம் சீவி என்னைப் படிக்கவைத்தவள் தனக்கென்று வாங்கிய தங்கம் அது ஒன்றுதான். நகைக்கடைப் பத்தர் அதைச் சவர்க்கார நீர் நிரம்பிய சின்ன இயந்திரத்துக்குள் போட்டார். எனக்குப் புல்லரித்தது. அதே ஒலித்தொட்டி.

“அண்ணே, என் போத்தலையும் இதுல வச்சுக்கட்டுமா?”

“வச்சுக்க லா. நான் தேத்தண்ணி குடிச்சிட்டு வரேன்.”

போத்தலை அப்படியே வைத்திருந்தால் வம்பே இல்லை. கண்ணாடியைத் தாண்டும்போது ஒலி குறையுமே என்று என் மூளை வேலை செய்தது. பொடியை நேராகத் தொட்டியில் கொட்டினேன். நுரைக்கடியில் சங்கிலி கிடப்பது நினைவிலேயே இல்லை.

பத்தர் வந்து கம்பியால் தூக்கினார். பூவேலையின் குழிகளில் இருந்த பழைய அழுக்கிலும் மெழுகிலும் பொடி போய் அப்பியிருந்தது. அவர் தேய்த்துப் பார்த்தார், எலுமிச்சை போட்டார், என்னைத் திட்டினார். ஒன்றுக்கும் அசையவில்லை. ஒலி கட்டிகளை அவ்வளவு நன்றாக உடைத்திருந்தது. என் ஆய்வு முதல்முறையாக வெற்றி பெற்றது அன்றைக்குத்தான்.

“கல்யாணத்துக்கு வெள்ளையடிக்க வீட்டுச் சுவரு இல்லியா தம்பி?” என்றார் பத்தர்.

வீட்டுக்கு வந்து அக்காவிடம் சங்கிலியை நீட்டியபோது அழுதுவிட்டேன். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“இதத்தான் நீ படிக்கிறியா?”

“ஆமாக்கா.”

“வேல செய்யுதா?”

“ரொம்ப நல்லா செய்யுதுக்கா.”

“அப்பச் சரி. மூஞ்சியக் கழுவிட்டு வா. வாழமரம் கட்டணும்.”

அவ்வளவுதான் சொன்னாள். மறுநாள் மேடையில், கெமாஸிலிருந்து வந்திருந்த அவள் மாமியார் சங்கிலியை உற்றுப் பார்த்து, “இது என்னம்மா டிசைனு?” என்று கேட்டார்.

“யுனிவர்சிட்டி டிசைன் அத்தை. என் தம்பி செஞ்சது” என்றாள் அக்கா, கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

கொஞ்ச நாளில் அந்த அத்தையே பத்தர் கடைக்குப் போய் அதே டிசைன் வேண்டும் என்று நின்றாராம். இன்றைக்கும் எங்கள் குடும்பத்தில் யார் புதுநகை போட்டாலும், “யுனிவர்சிட்டியில கழுவியாச்சா?” என்றுதான் கேட்கிறார்கள்.

பின்னாளில் முனைவர் பட்ட ஆய்வேட்டின் நன்றியுரையில், பேராசிரியர்களுக்கெல்லாம் முன்னால் அக்கா பெயரை எழுதினேன். என்னைக் காப்பாற்றியவள் அவள்தானே. அவள் அதை நிதானமாக வாசித்துவிட்டு நிமிர்ந்தாள்.

“பத்தர் பேரு எங்கடா?”