கேடயம் சாரின் கூழைக்கடா

கோயமுத்தூரில் கேடயம் சாரிடம் வழி கேட்டவர் எவரும், போகவேண்டிய இடத்துக்கு நேரத்தில் போய்ச் சேர்ந்ததாகச் சரித்திரம் இல்லை. ஒரு கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் நான் மக்கள் தொடர்பு அலுவலராக இருந்தபோது அவர் அங்கே விலங்கியல் பேராசிரியர். வாசல் வளைவில் கேடய வடிவில் பதித்திருந்த பல்கலைக்கழகச் சின்னத்தின் கீழே நின்றுகொண்டு, வருகிறவர்களை எல்லாம் பிடித்து அதை விளக்குவார். அதனால் வந்த பட்டப்பெயர்.

மகளுக்கு இடம் கேட்டுத் தாராபுரத்திலிருந்து வந்த ஒரு விவசாயி அவரிடம், "ஏனுங்க, ஆபீஸ் எங்கீங்க?" என்று கேட்டுவிட்டார்.

"ஆபீஸ் எங்கீங்க ஓடிப்போகுது? மேல பாருங்க. அந்த நீலம் மாதாவோட நிறமுங்க. நட்சத்திரமும் அவங்கதான். நடுவுல இருக்கறது கூழைக்கடா. தன் நெஞ்சைக் கொத்தி, குஞ்சுக்கு ரத்தத்தை ஊட்டுதுங்க. ஏசு நமக்காக ரத்தம் சிந்துனாருல்லங்க, அதோட அடையாளம்."

"நெசமாலுமே அது அப்படிச் செய்யுமுங்களா?"

விலங்கியல்காரருக்குப் பொய் வரவில்லை. "சிங்காநல்லூர் குளத்துல இருக்கறது செய்யாதுங்க. மீன்தான் ஊட்டும். கேடயத்துல இருக்கறது செய்யுமுங்க."

அதற்குள் அலுவலகத்தை மதிய உணவுக்குப் பூட்டிவிட்டார்கள்.

பிறகு பல்கலைக்கழகத்துக்குப் புது 'லோகோ' வேண்டும் என்று ஆசை வந்தது. கூட்டத்தில் வடிவமைப்பாளர் பெண், "இந்த வாத்து செல்போன்ல கறை மாதிரி தெரியுதுங்க. எடுத்துரலாம்" என்றாள்.

கதவு திறந்தது. அழைப்பே இல்லாத கேடயம் சார், ஆய்வகத்திலிருந்த பாடம் செய்த கூழைக்கடாவைக் கைக்குழந்தைபோலத் தூக்கிவந்து பிஸ்கட் தட்டுக்குப் பக்கத்தில் நிறுத்தினார்.

"அலகைப் பாருங்க அம்மணி. வாத்துங்களா இது?"

பறவையின் கண்ணாடிக் கண் கழன்று துணைவேந்தர் ஃபாதரின் டீக்குள் விழுந்தது. ஃபாதர் அதைக் கரண்டியால் எடுத்து, துடைத்துக் கொடுத்தார். ஆனாலும் கூழைக்கடா போயிற்று. மூன்று நீல வளைவுகளும் ஒரு புள்ளியும் வந்தன.

ஆய்வகத்துக்குப் போய்ப் பார்த்தேன். கேடயம் சார் பறவையின் கண்ணை ஒட்டிக்கொண்டிருந்தார்.

"எங்கப்பா ஊரார் தோட்டத்துல கூலிக்குப் போனவருங்க. நான் இங்க படிக்க வந்தப்ப உள்ள வரவே பயம். பெரிய எடம்னா சிங்கம், வாளுன்னு வெச்சிருப்பாங்கன்னு நெனச்சேன். பார்த்தா, குஞ்சுக்கு ஊட்டுற பறவை. சரி, இங்க நம்மளைத் தொரத்த மாட்டாங்கன்னு உள்ள வந்துபோட்டேன்."

கொஞ்ச நாள் அவர் இல்லாமல் வாசல் வெறிச்சென்று இருந்தது.

மாணவர் சேர்க்கை தொடங்கிய காலையில் பார்த்தால், புது லோகோவின் கீழே அவர்! ஒரு தாயும் மகனும் மாட்டிக்கொண்டிருந்தார்கள்.

"மொத வளைவு கழுத்துங்க. அடுத்தது றெக்கை. மூணாவது, குஞ்சுங்க. புள்ளிதான் கண்ணு."

அந்நேரம் பார்த்து வந்த வடிவமைப்பாளர் பெண் பதறினாள். "ஐயோ சார், அது வளர்ச்சியோட அலைங்க!"

"நீங்க கூழைக்கடாவைத்தான் வரைஞ்சிருக்கீங்க கண்ணு. உங்களுக்கே தெரியாம வரைஞ்சுபோட்டீங்க."

அவள் தலையைச் சாய்த்து வெகுநேரம் பார்த்தாள். "ஆமாங்க சார்... இருக்குதுங்க."

அந்த ஆண்டுக் கையேட்டில் நானும் அப்படியே எழுதினேன். அதைப் படித்த ஃபாதர், சிரிப்பை அடக்கிக்கொண்டு கையெழுத்திட்டார்.

கேடயம் சார் ஓய்வு பெற்றுவிட்டார். இப்போதும் அந்த வளைவுகளில் எனக்கு அலை தெரிவதில்லை, கூழைக்கடாதான் தெரிகிறது. உற்றுப் பார்த்தால், யாருக்கோ குனிந்து பொறுமையாகச் சொல்லிக்கொண்டிருக்கும் அவருடைய சாயலும்.